நீ ஊதி மூடிய ஜாடி

பெரியோர்களே, தாய்மார்களே! ராஜபாளையம் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் வீட்டு ஜன்னலில், ரேடியோவை நகர்த்திவிட்டு வைத்திருக்கும் கண்ணாடி ஊறுகாய் ஜாடிக்குள், இன்று காலை நத்தையார் நான்கு விரற்கடை ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடியும் ஏறத் தொடங்கியிருக்கிறார்.

இதைக் கேட்டுச் சிரிக்க நீ இல்லை. பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன்.

சூழ்நிலை மண்டலம் பாடம் நடந்த அன்று, "மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள் விரதம் சார்" என்றதற்கு என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். வகுப்பே சிரித்தது, நீ மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் நூலகத்து அகராதியைப் பார்த்து எழுதி வந்தாய். ஆங்கிலத்தில் அதற்கு எக்கோசிஸ்டம் என்று பெயராம். முன்பாதி கிரேக்கம், வீடு என்று பொருள். பின்பாதி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இயங்கும் அமைப்பு. உயிருள்ளவற்றோடு மண்ணையும் நீரையும் வெயிலையும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆங்கிலேயத் தாவர அறிஞர் உண்டாக்கிய சொல்லாம்.

"அப்ப நம்ம கண்மாயும் ஒரு வீடுதாம்லே. ஒருத்தர் விட்ட மூச்ச இன்னொருத்தர் இழுத்துக்கிட்டு இருக்காக."

"எங்க வீட்ல எங்கப்பா விடுறது மூச்சில்லலே, கொறட்டை" என்றேன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்ச் சேறு, பாசி, ஒரு நத்தை, ஒரு பொடிமீன் எல்லாம் ஜாடிக்குள் போயின. மூடுமுன் கன்னம் உப்ப நீ உள்ளே ஊதினாய். "நாம விடுற மூச்சுதாம்லே பாசிக்குச் சாப்பாடு. இனி வெயிலத் தவிர ஒண்ணும் உள்ள போகக் கூடாது." மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாய்.

பொறவு உனக்கு மஞ்சள் காமாலை. பள்ளி விட்டதும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வருவேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"மீனு இருக்கால?"

"இருக்குலே. உன்னவிடக் கொழுத்துட்டான்."

பதினோராம் நாள் உன்னைத் துணி மூடிக் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்து ஜாடியை உங்கம்மாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டார்கள். "எம்புள்ள ஊதுன காத்து இன்னும் உள்ளதான இருக்கு? தொறந்துராதய்யா." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்து, செத்த நேரம் ஜாடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பொட்டுக் காற்று புகாமல் காப்பவன் நான்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், திட்டாதே. நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாளே மீன் செத்து மிதந்தது. நீ கேட்டால் என்ன சொல்ல? மெழுகைச் சுரண்டி, மூடியைத் திறந்து, வேறு மீன் போட்டேன். அதுவும் செத்தது. இப்போது இருப்பது மூன்றாவது, நேற்றுப் போட்டு மறுபடி மெழுகு ஊற்றியது. நீ ஊதிய மூச்சு, நீ உயிரோடு இருக்கும்போதே எங்கள் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

நாளை வெள்ளிக்கிழமை. உங்கம்மா வருவார்கள். மெழுகு புதுசாகத் தெரிகிறது. அதன் மேல் கொஞ்சம் அழுக்கைப் பூசி வைத்திருக்கிறேன்.