பூக்காலத்துக் கடிகாரம்

சார், இன்று காலை திண்டுக்கல் பஸ்ஸில் என் காலடியில் ஒரு மூட்டை மல்லிகை. அந்த வாசத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். அகரம் பக்கத்து நம் பள்ளிப் பிள்ளைகள், விடியலில் பூப்பறித்துவிட்டு அதே வாசத்தோடுதான் வகுப்புக்கு ஓடி வருவார்கள்.

"பூக்காலத்துல மட்டும் மணியை அரைமணி தள்ளி அடிப்போம் சார்" என்று வருடா வருடம் உங்களிடம் மல்லுக்கு நின்றேன். தலைமையாசிரியரான நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல கேட்டுச் சொல்றேன் வாத்தியாரே" என்பீர்கள். நானாகவே படித்துப் பரீட்சை எழுதி வாத்தியாரான எனக்கு, யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. ஆபீஸுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று உங்கள்மேல் தீராத ஆத்திரம். போதாததற்கு, உங்கள் தலைக்கு மேல் தொங்கிய கடிகாரம் அந்த மாதங்களில் அரைமணி பின்னால் ஓடும்; பள்ளி மணியும் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பழுதான கடிகாரம் போடும் பிச்சையை நான் வாங்குவேனா? எனக்கு உரிமையாக வேண்டும். பேட்டரியை மாற்றி, முள்ளைச் சரியாக வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் பழையபடி பின்னால் நிற்கும். "மட்டமான பேட்டரி" என்பீர்கள், முகம் மாறாமல்.

இன்று நான் போனது, அரசுப் பள்ளிகளே தங்கள் காரியங்களை முடிவு செய்யலாமா என்று ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு. ஓய்வு பெற்றவனை யாரும் அழைக்கவில்லை, போனேன்.

"ஸ்கூல் நேரத்தை நீங்களே முடிவு பண்ணிக்கலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

ஒரு தலைமையாசிரியர் எழுந்து, "பண்ணிக்கலாம்னு ஆர்டர் வந்தா பண்ணிக்கிறோம்யா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க எச்.எம்.மும் இப்படி மேல கேட்டுக் கேட்டேதான் ரிடையர் ஆனாரு!" என்று கத்தினேன்.

அன்று புதிதாக வேலைக்கு வந்த டீச்சர்தான் இன்று நம் பள்ளித் தலைமையாசிரியை. சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஐயோ சார், மேலன்னா ஆபீஸுன்னுதானா இம்புட்டு நாளா நினைச்சீங்க? அவரு பார்த்தது கடிகாரத்தை! நீங்க பேட்டரி மாத்திட்டுப் போனதும், ஸ்டூல்ல ஏறி முள்ளைத் திருப்பி வைப்பாரு. ஸ்டூலைப் பிடிச்சதே நான்தான்."

கூட்டமே சிரித்தது. டீச்சர் அதிகாரி பக்கம் திரும்பினார். "இப்பவும் முள்ளைத்தான் திருப்புறோம்யா. ஸ்டூல்ல ஏற முழங்கால் விடமாட்டேங்குது. நேரத்தை எங்க கையிலயே குடுத்துருங்க."

அதிகாரி சிரித்தபடியே எழுதிக்கொண்டார். நடக்குமா, தெரியாது. நடக்கும்வரை நான் விடப்போவதில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார் நீங்கள். அந்தக் கோபம் மட்டும் ஆறாது.

சாயங்காலம் மகள் கூடத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். "அப்பா, கடிகாரம் அரைமணி பின்னால ஓடுது. பேட்டரி வாங்கிட்டு வரவா?"

ஸ்டூலை மூலையில் தள்ளி வைத்துவிட்டு, "மேல கேட்டுச் சொல்றேன் தாயி" என்றேன்.