பீஸ் ஆஃப் கேக்: யார், யாரைப் பற்றி, எப்போது

ஞாயிறு, 3ஆம் தேதி

மழை. சாயங்காலத்திலிருந்து விடவில்லை. இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. பழக்கம். காலையில் கடையில் ஒருவர் தள்ளுவண்டியால் என் காலில் இடித்தார். ‘சாரி’ சொன்னது நான்.

மகள் யாஷி தூங்குகிறாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாயிற்று. மூச்சு சரி. கொஞ்சம் சளி.

விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை என்று இன்னும் சொல்ல முடியாது. டவுனில் ஒரு டியூஷன் சென்டர். நடத்துபவர் மிஸ் அமுதவல்லி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வரும் சனிக்கிழமை நான் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள், பதினொரு வயது. பிடித்திருந்தால் வேலை.

போனில் சொன்னார்: “சாப்பாட்டை வெச்சி இங்கிலீஷ்ல எவ்வளவோ இடியம் இருக்கு. ஒன்னே ஒன்னு எடுங்க. புக்குல உள்ள வாக்கியம் வேணாம். வீட்ல, ரோட்ல பேசுற மாதிரி புள்ளைங்க வாயில வரணும்.”

சரி மிஸ். தேங்க்யூ மிஸ். சாரி மிஸ். (சாரி எதற்கு?)

வீட்டுக்காரர் தினாவிடம் சொன்னேன். ராவாங் ஃபேக்டரியிலிருந்து வந்து காலுறை கழற்றிக்கொண்டிருந்தார். “டெமோ கிளாஸா? ஆங்கில ஆசிரியருக்குப் படிச்சவ நீ. பீஸ் ஆஃப் கேக் லா, மா!”

தலைப்பு கிடைத்தது. பீஸ் ஆஃப் கேக். ரொம்பச் சுலபம் என்று அர்த்தம். தூக்கம் போனது. கஷ்டமான வேலையில் தோற்றால் பாவம் என்பார்கள். கேக்குத் துண்டு என்று சொன்ன வேலையில் தோற்றால்?

குழந்தை பிறந்ததிலிருந்து நான் பெரியவர்களிடம் ஆங்கிலம் பேசியது கிளினிக்கில் மட்டும்தான்.

வாங்க: கேரட், டயப்பர் (எல்), மார்க்கர் பேனா, நெத்திலி ½ கி.

திங்கள், 4ஆம் தேதி

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

யாஷிக்கு ஊசி. கிளினிக்கில் மலாய் நர்ஸ், சிரித்த முகம், கன்னத்தைத் தட்டி, “பீஸ் ஆஃப் கேக் ஜெ, சாயாங்,” செல்லம் என்று கொஞ்சினார். அடுத்த நொடி யாஷி போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த குழந்தைகளும் ஆரம்பித்துவிட்டன. கவனித்தேன்: சொன்னவர் ஊசி போட்டவர். போட்டுக்கொண்டவள் சொல்லவில்லை.

எடை. அட்டையில் கோடு கீழே போகவில்லை. மேலேயும் போகவில்லை. “சாப்பிடுறாளா?” என்றார்கள். “ம்.”

சாப்பிடுகிறாள். என் கையால் மட்டும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முழுக் காலைப்பொழுது. வேறு யார் கரண்டியைக் கொண்டுவந்தாலும் வாயைப் பூட்டிக்கொள்கிறாள். சனிக்கிழமை காலை நான் இல்லாவிட்டால்?

மத்தியானம் குழாய்க்காரர் வந்தார். சமையல்கட்டுக் குழாய் ஒரு வாரமாகச் சொட்டுகிறது. குனிந்து பார்த்தார். “இதா? பீஸ் ஆஃப் கேக், தங்கச்சி.” ஏதோ திருகினார். போய்விட்டார். முன்பு சொட்டியது. இப்போது ஒழுகுகிறது.

சாயங்காலம் தஞ்சோங் காராங்கிலிருந்து அம்மா போன். “புள்ள சாப்புடுறாளா? நீ சமாளிக்கிறியாமா?”

“பீஸ் ஆஃப் கேக் மா.”

வாயில் தானாக வந்துவிட்டது. அந்த நேரம் யாஷி கஞ்சியைச் சுவரில் துப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு நிம்மதி. உடனே சின்னம்மா மகள் கல்யாணச் சேலைக்குத் தாவிவிட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

புதன், 6ஆம் தேதி

புழுக்கம். எங்கோ வயலில் வைக்கோல் எரிக்கிறார்கள் போல, புகை வாசம். ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. (சளி.)

பக்கத்து வீட்டுக் கீர்த்தியை உட்கார வைத்து ஒத்திகை. அவளும் ஐந்தாம் ஆண்டுதான். அவள் அம்மா பூவக்கா ரோட்டோரம் காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு, மேலே காரச் சம்பல்) விற்கிறார்.

பொருளைச் சொன்னதும் கீர்த்தி, “ஓ, காச்சாங் லா! அப்படிச் சொன்னா புரியும்லக்கா.”

உண்மைதான். மலாயில் சுலபமான காரியம் காச்சாங், கடலை. தமிழில் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆங்கிலத்தில் கேக். மூன்று மொழிக்காரர்களும் கூடி, உலகத்திலேயே சுலபமான வேலை சாப்பிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒருவரும் யாஷிக்குக் கஞ்சி ஊட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

நான் கணினியில் தயாரித்த வாக்கியங்கள்: ‘மேலாளருக்கு அந்த அறிக்கை பீஸ் ஆஃப் கேக்.’ ‘அவனுக்குப் பனிச்சறுக்கு பீஸ் ஆஃப் கேக்.’ கீர்த்தி கொட்டாவி. எங்கள் புக்கிட் பெலிம்பிங்கில் பனிச்சறுக்கு!

“நீயே ஒன்னு எழுது.”

எழுதினாள்: ‘என் அம்மா இருட்டிலேயே எழுந்து நாசி லெமாக் கட்டுகிறார். அவருக்கு அது பீஸ் ஆஃப் கேக்.’ ஆங்கிலம் பிழை இல்லை. பெரிய டிக் போட்டு, சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த பூவக்கா நிமிர்ந்தார்.

“யாருடி சொன்னா?”

“நான்தான்மா. வாக்கியம்.”

“என்னைக் கேட்டியா?”

“நீங்க சிரிச்சிக்கிட்டேதானே செய்றீங்க!”

“அழுதுக்கிட்டே கிண்டுனா யாருடி சம்பல் வாங்குவா?”

மூவரும் சிரித்தோம். யாஷியும், என்னவென்று தெரியாமல். கீர்த்தி ரப்பரை எடுத்து அழித்து எழுதினாள்: ‘என் அம்மா கட்டிய நாசி லெமாக்கைச் சாப்பிடுவது எனக்கு பீஸ் ஆஃப் கேக்.’

“இது ஒத்துக்கிறேன்,” என்றார் பூவக்கா.

யாஷியைக் குளிப்பாட்டும்போதும் இதே நினைப்பு. நர்ஸ், யாஷியைப் பற்றி. தினா, என்னைப் பற்றி. கீர்த்தி, அவள் அம்மாவைப் பற்றி. எல்லாம் அடுத்தவர் வேலை. தன் வேலையைப் பற்றிச் சொன்னது குழாய்க்காரரும் நானும். அவர் சீக்கிரம் கிளம்புவதற்கு. நான், அம்மா மேலே கேட்காமல் இருப்பதற்கு.

பனிச்சறுக்கை அழித்துவிட்டேன். மேலாளரையும்.

வியாழன், 7ஆம் தேதி

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வரவில்லை.

சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. தினாவுக்குச் சனிக்கிழமை லீவு. “நீ கிளாஸுக்குப் போ. பாப்பாவை நான் பாத்துக்கிறேன். கஞ்சிதானே? பீஸ் ஆஃப்…”

“சொல்லாதீங்க.”

“என்னா?”

“ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கஷ்டம்னு சொல்லுங்களேன்.”

“எதை?”

“ஏதாச்சும். எல்லாமே சுலபம்னா எனக்கு மட்டும் ஏன் மூச்சு வாங்குது?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபம் என்று நினைத்தேன். சாரி சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “நீ பயந்துறக் கூடாதுன்னுதான் ஷாமா அப்படிச் சொல்றேன். வேற என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

“பயந்துட்டுப் போறேன். கூட நின்னா போதும்.”

கை கழுவிவிட்டு, தானே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். முதல் தடவை. நான் அறைக்குள் ஒளிந்துகொண்டு கதவிடுக்கில் பார்த்தேன். விமானம், ரயில், பூனை எல்லாம் ஆயிற்று. சட்டை நனைந்துவிட்டது மனிதருக்கு. “ஷாமா! இவ வாயி எங்க ஃபேக்டரி கேட்டு மாதிரி. கார்டு காட்டாம தொறக்காது போல.”

ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனால் கஷ்டமா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

வெள்ளி, 8ஆம் தேதி

எந்தச் சேலை? பஞ்சாபி சூட்டே போதும். நீலம். பித்தானைத் தைக்கணும்.

கனவில் மார்க்கர் எழுதவில்லை.

சனி, 9ஆம் தேதி

காலையில் லேசான தூறல். தினா காரில் கொண்டுபோய் விட்டார். பின்னால் யாஷி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே அழுதாள். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்கிறாளோ.

வகுப்பில் ஏசி குளிர். மார்க்கர் நிஜமாகவே எழுதவில்லை. “சாரி” என்றேன். மிஸ் அமுதவல்லி கடைசி வரிசையில், மடியில் கைப்பை, முகத்தில் ஒன்றும் இல்லை. வேறு மார்க்கர். அவசரத்தில் ‘கேக்’ கோணலாகப் போனது.

பொருள் சொன்னேன். “காச்சாங் லா டீச்சர்!” என்று ஒரே சத்தம். கீர்த்தி வாழ்க.

“யாருக்கு, எது பீஸ் ஆஃப் கேக்? சொல்லுங்க.”

ஒரு பையன் எழுந்தான். “எங்கப்பாவுக்கு லோரி ரிவர்ஸ் எடுக்கிறது பீஸ் ஆஃப் கேக்!”

பக்கத்து வரிசைப் பெண் விடவில்லை. “பொய் டீச்சர்! எங்க வீட்டு கேட்டை இடிச்சது யாரு?”

வகுப்பே சிரித்து உருண்டது. பையன் முகம் சுருங்குவதற்குள் கேட்டேன்: “அப்பா அப்படிச் சொன்னாரா, நீ சொல்றியா?”

யோசித்தான். “நான்தான் சொல்றேன் டீச்சர். அப்பா ரிவர்ஸ் எடுக்கிறப்ப ரேடியோவ அடைச்சிருவாரு. யாரும் பேசக் கூடாது.”

“அப்ப அவருக்கு அது பீஸ் ஆஃப் கேக்கா?”

“இல்ல… இல்ல லா.”

அங்கிருந்து வகுப்பு தானாகவே ஓடியது. செய்து முடித்த தன் வேலை என்றால் தாராளமாகச் சொல்லலாம். அடுத்தவர் வேலை என்றால் அவரைக் கேட்டுவிட்டுச் சொல். பலகையில் எழுதினேன். கேட் இடிபட்ட வீட்டுப் பெண்ணின் வாக்கியம்: ‘எனக்கு ஏழாம் வாய்ப்பாடு பீஸ் ஆஃப் கேக். இப்போது. போன வருஷம் அழுதேன்.’ இதைவிட நல்ல வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. வீட்டுப்பாடம்: வீட்டில் யாருடைய வேலை சுலபம் என்று நினைக்கிறாயோ, அவரிடமே போய்க் கேட்டு எழுதி வா.

முடிந்ததும் மிஸ்: “பாடம் நல்லா இருந்துச்சி. சாரி மட்டும் அதிகம். பாக்கலாம்.”

பாக்கலாம் என்றால் என்ன? வழியெல்லாம் அதே யோசனை.

வீட்டில்: தினா தரையில் கால் நீட்டி. முடியில் கஞ்சி, புருவத்தில் கேரட். யாஷி டயப்பரோடு, கையில் கரண்டி, ராணி மாதிரி.

“சாப்ட்டாளா?”

“அரைக் கிண்ணம்.”

“எப்படி!”

“அவ எனக்கு ஊட்டுனா. எனக்கு ஒரு வாய், அப்புறம் அவளுக்கு ஒரு வாய். எனக்குத்தான் நெறைய.” கண்ணை மூடிக்கொண்டார். “கஷ்டம், ஷாமா. ரொம்பக் கஷ்டம்.”

சிரித்தேன். கொஞ்சம் அழுகையும். இத்தனை நாளில் அவர் சொன்னதிலேயே என் மனசுக்கு இதம் தந்தது அதுதான்.

ஞாயிறு, 10ஆம் தேதி

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். சமாளிக்க முடியவில்லை, பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது, வேலைக்கும் போக ஆசையாக இருக்கிறது. எல்லாம் ஒரே மூச்சில்.

அம்மா: “அன்னிக்கே உன் கொரலு சரியில்ல. நீ கேக்கு கேக்குன்ன, நான் சேலையப் பத்திப் பேசிட்டேன். செவ்வாக்கெழம சாயங்காலம் வர்றேன். வாரா வாரம் வர்றேன். கருவாடு கொண்டாரவா?”

“கொண்டாங்க.”

யாஷி: தினா கையால் முக்கால் கிண்ணம். அதில் தினா சாப்பிட்டது எவ்வளவு என்று கேட்கவில்லை.

குழாய் இன்னும் ஒழுகுகிறது.

திங்கள், 11ஆம் தேதி

பகல் முழுக்க மழை. இரவு பத்து மணிக்கு மேல் மிஸ் அமுதவல்லியின் மெசேஜ்.

வகுப்பு எனக்காம்! செவ்வாய் மாலை ஒன்று, சனிக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் தாண்டி மூன்று, இடைவெளி இல்லாமல். ‘உங்களுக்கு இது சுலபமாகத்தான் இருக்கும். சரிதானே?’ செவ்வாய்க்கு அம்மா வந்துவிடுவார். சனிக்கிழமைதான் யோசனை.

தினாவை எழுப்பிக் காட்டினேன். “மூணா? தொடர்ச்சியாவா?” உட்கார்ந்துவிட்டார். “மத்தியான சாப்பாட்ட நான் மட்டும் சமாளிக்கிறது இப்ப முடியுமான்னு தெரியல ஷாமா. ரெண்டுன்னா போலே, முடியும்.”

மூன்றும் முடியும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ரெண்டு என்றதை நம்புகிறேன்.

முதலில் தட்டியது: ‘நோ ப்ராப்ளம் மிஸ், பீஸ் ஆஃப் கேக்!’ அழித்தேன். பிறகு: ‘சாரி மிஸ், இந்த நேரத்தில் தொந்தரவு…’ அதையும் அழித்தேன். மூன்றுக்குத்தான் ஆள் வேண்டும் என்று வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுத வரவில்லை. எனக்கு அந்த வகுப்பு வேண்டும். அந்தப் பிள்ளைகள் வீட்டில் என்ன கேட்டு வந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

அனுப்பியது, அப்படியே:

‘வணக்கம் மிஸ். இந்த வேலை எனக்கு வேண்டும். செவ்வாய் மாலை வருகிறேன். சனிக்கிழமை மூன்று வகுப்பு இப்போது எனக்குக் கஷ்டம். இரண்டை நன்றாக எடுப்பேன். என் மகள் அவள் அப்பா கையால் சாப்பிடப் பழகி வருகிறாள். பழகியதும் மூன்றாவதையும் எடுத்துக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.’