டம்பருக்கு வச்ச எலுமிச்சம்பழம்

முருகன் துணை.

மாயாபந்தர்ல தம்பி வீட்டுல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவருக்கு,

குவாரியில முப்பது வருஷம் நிஜ டம்பர் ஓட்டின மனுஷன், ரிட்டயர் ஆனதும் உள்ளங்கை அளவு வண்டியா வாங்கிக் கண்ணாடி அலமாரியில வச்சு கொஞ்சினா ஊர் சிரிக்காதா? ஒரு பிடி மண்ணு அள்ளுமா அது?

வருஷா வருஷம் உங்க வண்டிக்குச் செஞ்சத விட மனசில்லாமத்தான், ஆயுத பூஜைக்கு அதுல இருக்கிற டம்பரோட சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வச்சு அமுக்கினேன். பழம் நசுங்கல, சக்கரம் உடைஞ்சிடுச்சு. சாமி காரியம். அதுக்குப் போயி, "இது மாடலுடி, உனக்கென்ன தெரியும்"னு கத்திட்டு பஸ் ஏறுவாங்களா?

அப்பா எங்கன்னு மக போன்ல கேட்டா. டூட்டிக்குப் போயிருக்காருன்னேன். அவளே சிரிச்சுட்டா.

திறந்து போட்டுப் போன அலமாரிய நான் துடைக்கப் போறதில்ல. பதினோரு வண்டியும் தூசி ஏறிக் கிடக்கு. வேணும்னா வந்து துடைச்சுக்குங்க.

இப்படிக்கு,
டெலானிபூர்ல ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கத் தெரியாதவ