சீம்பால் வந்த வாரம்

ஜூலை 3, புதன்

ஊர்க்கோடியில், கரியாவைத் தாண்டி, பால்காரன் ராம்பிரவேஷின் மாட்டுக் கொட்டகையில் இன்றும் கணுக்கால் சேறு. கன்றுகளின் மார்பில் நாடாவைச் சுற்றி அளந்தேன். என் ஆராய்ச்சியின் லட்சணம்: ஜெர்சி கலப்புக் கன்று பிறக்கும்போது நாட்டுக் கன்றைவிடப் பெரிசு. ஒரு மாதத்துக்குள் நாட்டுக் கன்று அதை எட்டிப்பிடித்துவிடுகிறது. கலப்புதான் வேகமாக வளரும் என்று படித்துவிட்டு வந்தவள் நான்.

கைடு விஸ்வநாதன் சார், “மரபணுவுலதான் ஏதோ இருக்கும்மா, தேடு” என்கிறார். தேடித் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

கறுப்புக் கலப்புப் பசு நிறைசினை. ஈன்றால் உடனே போன் பண்ணு என்று ராம்பிரவேஷிடம் சொல்லியிருக்கிறேன். “சரி திதி” என்றான்; இங்கே அக்காவுக்கு அப்படித்தான் சொல்வார்கள்.

ஜூலை 6, சனி

ஈன்றுவிட்டது! கொட்டுகிற மழை, வழியில் ஜாதவ்பூர் முழுக்கத் தண்ணீர், ஆட்டோ இல்லை. நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. காளைக் கன்று. நெற்றியில் வெள்ளை. என்ன உருவம்! என் கையை நக்கியது. “நீயாவது என் மானத்தைக் காப்பாத்துடா” என்று அதன் காதில் சொன்னேன். பைத்தியம்தான் நான்.

வீட்டில் இன்னொரு சந்தோஷம். ராம்பிரவேஷ் காலையிலேயே லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கு சீம்பால் கொடுத்திருக்கிறான். “மதராஸி வீடுகளுக்குன்னே எடுத்து வெப்பான்டி. பெங்காலிக்காராளுக்கு இதோட அருமை எங்கே தெரியறது?” என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிளறியிருந்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

வெள்ளை நெற்றிக்காரன் எழுந்திருக்கவில்லை. கழிச்சல்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் ஊசி போட்டார். கிளம்பும்போதுதான் கேட்டார்: “முதல் பால் வயிறு நிறையக் குடிச்சுதா?”

நான் ராம்பிரவேஷைப் பார்த்தேன். அவன் ஒளிக்கவேயில்லை. “ஒரு வாய் குடிச்சுது திதி. மீதியை உங்க ஆளுங்க வீட்டுக்கெல்லாம் குடுத்தேனே! மாஜிக்குப் பிடிச்சுதா?”

மாஜி. என் அம்மா.

ஐயோ. அந்த முதல் பால் இல்லையென்றால் கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி ஏது? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேனே! கிண்ணத்தில் வந்தபோது எனக்கு அது வெறும் பட்சணம். ஒரு விநாடி — ஒரே ஒரு விநாடி — தோன்றியிருக்கக் கூடாதா?

ஜூலை 10, புதன்

போய்விட்டது.

ஜூலை 12, வெள்ளி

கறுப்புப் பசு கன்றைத் தேடிக் கத்துகிறது. ஆனால் கை வைத்தால் சுரக்கிறது. இன்றும் வாளி நிறையக் கறந்தது. “நாட்டு மாடுன்னா கன்னு வந்து முட்டாம பாலே இறக்காது திதி. இதுக்குக் கன்னே வேணாம். எவ்வளவு நல்ல மாடு!” என்றான் ராம்பிரவேஷ்.

கேட்டுக்கொண்டே நின்றேன். பால் இறங்குவதற்காகவாவது நாட்டுக் கன்றை மடியில் விட்டாக வேண்டும். எப்படியும் அதற்கு நாலு வாய் கிடைத்துவிடும். கலப்புக் கன்று யாருக்கு வேண்டும், அதுவும் காளை? பட்டினி போட்டுவிட்டு மரபணுவில் என்னத்தைத் தேடுவது, சார்?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “நான் கேக்கலையேடி, அவனாத்தானே கொண்டுவந்தான்” என்றாள். ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூலை 15, திங்கள்

முதல் பாலைக் கன்றுக்கு விடு, மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு என்று ராம்பிரவேஷிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். “சரி திதி, சரி திதி” என்றான். அடுத்து சிவப்புக் கலப்புப் பசு ஈனப்போகிறது.

ஜூலை 27, சனி

சிவப்புப் பசு ஈன்றிருக்கிறது. எனக்குப் போன் வரவில்லை. தூக்குதான் வந்தது.

அம்மா வாசலிலேயே மறித்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், “வேண்டாம். திருப்பி எடுத்துண்டு போ. கன்னுக்குக் குடு” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் கொட்டகைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டு விஜயலட்சுமி மாமி மாடிப்படியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள்: “ஜலஜா! உன் பங்கையும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டான்டி. கிளறி அனுப்பறேன், உன் பொண்ணைப் போயிடாம இருக்கச் சொல்லு!”