பேட்டரியில் ஊற்றிய தண்ணீர்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

வள்ளத்துக்குப் புதுசாக இரண்டு பேட்டரி வாங்கியிருக்கிறேன். பழையவை உங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில்தான் கிடந்தன. விட மனசில்லாமல் இரண்டு நாள் சார்ஜர் போட்டுப் பார்த்தேன். சூடேறிக் கொதித்ததுதான் மிச்சம். நீங்கள் வைத்திருந்த கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தால், சார்ஜ் ஏறினால் மேலே வரவேண்டிய மிதவை அடியிலேயே கிடந்தது. பழைய சாமான்காரன் வந்து எடுத்துப்போனான். அக்கா வாசல் வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வள்ளத்தை இப்போது நான்தான் இறக்குகிறேன், வேலையெல்லாம் நீங்கள் செய்தபடியே செய்கிறேன். கரை சேர்ந்ததும் பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். உப்புக் காற்றில் முனையில் பூத்திருக்கும் பச்சைப் பொடியை வெந்நீர் விட்டுத் துடைத்து வாஸ்லின் தடவுகிறேன். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது, முழுசாக ஏறிய பிறகுதான் கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும், கேஸ் வரும், பக்கத்தில் மெழுகுதிரி கூடாது. இத்தனை வருஷம் இதை எப்படி மச்சான் சலிக்காமல் செய்தீர்கள்? எனக்கு இரண்டே வாரத்தில் இடுப்பு விட்டுப்போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

முதன்முதலில் அந்தக் கரண்டு மோட்டாரை வள்ளத்தில் மாட்டியபோது பாம்பன் கரையே சிரித்தது. "மிக்ஸி மோட்டார மாட்டிக்கிட்டு மச்சானும் மச்சினனும் சட்னி அரைக்கப் போறாங்கடோய்" என்றார்கள். நீங்கள் கண்டுகொள்ளவில்லை. சத்தமில்லாமல் போனால் கணவாய் மீன் கலையாது என்றீர்கள். கலையவில்லைதான். சிரித்தவர்களே பிறகு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நடுக்கடலில் மோட்டார் நின்றுபோன அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

டீசல் இன்ஜின் பழுது பார்க்கப் போயிருந்ததால் அன்று பேட்டரியை மட்டும் நம்பித்தான் போனோம். காலை எட்டு மணிக்கெல்லாம் மோட்டார் இழுக்கமுடியாமல் நின்றுவிட்டது. நீரோட்டம் கிழக்கே தள்ளியது. இரண்டு பேரும் கை கொப்புளிக்கத் துடுப்புப் போட்டும் வள்ளம் எதிரே ஏறவில்லை. கடைசியில் வேறொரு வள்ளம் கயிறு கட்டி நம்மை இழுத்துவந்து கரையில் விட்டது. கரையில் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

நீங்கள் பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தீர்கள். உள்ளே தண்ணீர் கலங்கியிருந்தது.

"ஏலே, பேட்டரித் தண்ணிதான ஊத்துன? அடிபம்புத் தண்ணி எதுவும் ஊத்தலையே?"

"மாதா மேல சத்தியமா ஊத்தல மச்சான்."

கூட்டத்தில் ஒருவர், "அதான் சத்தியமே பண்ணிட்டான்ல. வாங்குனது மட்டச் சரக்கு, பழிய பிள்ள மேல போடுறீரு" என்றார். இன்னும் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். நீங்கள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். நான் வள்ளத்தை விட்டு விலகினேன். பத்தொன்பதாவது நாள் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. நடுவில் ஒரு வார்த்தை பேசாதவன் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தேன்.

கரையில் உங்களுக்கு நிலைத்த பேர் அதுதான், மச்சான். நல்ல மனுஷன்தான், ஆனால் மச்சினன் மேல் வீணாகப் பழி போட்டார் என்பார்கள். எட்டு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டு என் பாட்டுக்குத் தலையை ஆட்டியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பேட்டரிகளின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். அக்கா மாதா கோயிலிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்தாள். சாமியார் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம். குனிந்து ஊற்றப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல தெளிச்சுக்கக்கா. உள்ள வேணாம்."

"ஏன்டா? போன பெருநாளைக்கும் ஊத்துனேனே. அவுக தூங்கையில பன்னெண்டு ஓட்டையிலயும் சொட்டுச் சொட்டா விட்டேன். கடல்ல நிக்காம ஓடணும்னு."

"உப்பு பட்டா பேட்டரி செத்துரும்க்கா."

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் வந்தது. அப்பாடா, நான் இல்லை என்று நெஞ்சு லேசானது. அதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நாந்தேன் கெடுத்தேனா? என்னாலதேன் நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தீகளா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி இருக்க முடியவில்லை.

"நானும் ஊத்துனேன்க்கா" என்றேன்.

ஆமாம் மச்சான். அது நடப்பதற்கு முந்தைய வாரம், பேட்டரித் தண்ணீர் கேன் காலியாகிவிட்டது. பேட்டரிக்குள் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது. கடை வரை நடக்கச் சோம்பலாக இருந்தது. ஒரு தடவைதானே என்று அடிபம்பில் பிடித்து ஊற்றி மூடிவிட்டேன். தீவுத் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும், எனக்குத் தெரியாதா? அவள் ஊற்றியது கெடுத்ததா, நான் ஊற்றியதா, இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. நான் மாதாவை இழுத்துச் சொன்னேன்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"வலி வந்த அன்னைக்குக் காலையில அவுக என்ன சொன்னாக தெரியுமா? 'உன் தம்பி மாதா மேல பொய் சொல்ல மாட்டான். நாந்தேன் அவசரப்பட்டுட்டேன். சாயங்காலம் போயி கூட்டிட்டு வாரேன்'னாக."

சாயங்காலம் நீங்கள் இல்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், மச்சான்? உங்கள் சந்தேகம் சரி. என்னை நம்பியதுதான் தப்பு.

இந்தக் கடிதத்தை இன்றே நம் கரை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். படிக்கத் தெரியாதவர்களும் அன்று அங்கே நின்றார்கள். நாளைக் காலை வள்ளம் இறங்குமுன் அவர்கள் முன்னால் நின்று, அன்று சத்தியம் பண்ணிய அதே சத்தத்தில், "எங்க மச்சான் சொன்னதுதான் நிசம், நாந்தேன் ஊத்துனேன்" என்று சொல்வேன். சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் போவேன். இது சத்தியம் இல்லை, மச்சான். சத்தியம் பண்ணும் யோக்கியதை எனக்கு இல்லை. வெறும் வார்த்தையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினன்,
ஸ்டெல்லாவின் தம்பி அருள்