இரண்டு டப்பா, நாலு பித்தான்

டீச்சர், இன்று அலமாரியில் சாக்பீஸ் தேடும்போது உங்கள் பிஸ்கட் டப்பாக்கள் கையில் பட்டன. பித்தான் அறுந்த சட்டையோடு வரும் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்க நீங்கள் வைத்திருந்தவை. ஒன்றில் நூல், ஒன்றில் பித்தான். மூடியைத் திறந்தால் இன்னும் வெண்ணெய் வாசனை. முடிக்க வேண்டிய ஆன்லைன் பதிவுகள் கிடக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரொம்பச் சலிப்பாக இருக்கிறது, டீச்சர். நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் கடப்பாக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்து உங்களுக்கு இடம் பிடிக்கிறேன்.

நீங்கள் இருந்தபோது ஒருமுறை ஏழாம் வகுப்புக்கு மரபுப் பண்பு நடத்தினேனே. அம்மா, அப்பா காது மடல் ஒட்டியதா, தொங்குவதா என்று பார்த்து எழுதி வரச்சொல்லி அட்டவணை கொடுத்தேன். பெற்றவர்களிடம் இல்லாதது பிள்ளைக்கு வராது என்று வாய்க்கு வந்ததையும் சொல்லிவைத்தேன். ஒரு பெண்ணுக்குக் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. பெற்றவர்கள் இருவருக்கும் தொங்கும் மடல். சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டேன். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள், மீன்பிடிக்கப் போகும் அவள் அப்பா அட்டவணையோடு வந்து நின்றார்.

"எம் பொண்ணு எனக்குப் பொறக்கலன்னா செவப்பு மையில போட்டுகீறீங்க? ரெண்டு நாளா எம் பொஞ்சாதிகிட்ட நான் பேசல, டீச்சர்."

யார் கொடுத்த அட்டவணை என்று தலைமையாசிரியர் கேட்டார். உங்களுக்கு அதில் துளியும் சம்பந்தமில்லை.

"நாங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றீர்கள்.

பிறகு டப்பாக்களைக் காலிசெய்து, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பித்தான், ஒரு வெள்ளைப் பித்தான் போட்டீர்கள். இது நீங்க, இது உங்க வீட்டுக்காரம்மா என்று அவரிடம் காட்டினீர்கள். ஒரு கறுப்பு வந்தாலே தொங்கும் மடல், இரண்டும் வெள்ளையானால் ஒட்டிய மடல். டப்பாவுக்கு ஒன்றாகப் பார்க்காமல் எடுக்கச் சொன்னீர்கள். மூன்றாம் தடவை அவர் கையில் இரண்டும் வெள்ளை.

"அப்ப இது எங்கிட்டயும் இருந்துகீது."

மனைவியிடம் காட்ட வேண்டும் என்று அந்த இரண்டையும் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் பெண் வந்தாள். அந்த அட்டவணையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, உங்களிடம்கூட.

இன்றும் அதே பாடம். அதே மாதிரி அட்டவணை இப்போது அச்சடித்தே வந்திருக்கிறது. கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. உடம்பும் அதைத்தான் கேட்டது. கட்டைப் பிரிக்காமல் அலமாரியில் தள்ளிவிட்டு டப்பாக்களை எடுத்துப் போனேன்.

பித்தான் எடுக்கும் முன் பிள்ளைகளிடம் சொன்னேன்: இங்கே ஒரு டீச்சர் இந்தப் பாடத்தைத் தப்பாக நடத்தி ஒரு வீட்டையே அழவைத்தாள். "யார், மிஸ்?" என்றார்கள்.

"நான்தான்" என்றேன். "நான் மட்டுந்தான்."