எர்த் பின் இல்லாத பிளக்

இன்று காலை பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். நோன்புக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. பின்பக்கத்துத் தூசியும் அடியிலுள்ள தண்ணீர்த் தட்டின் புளித்த வாடையும் சேர்ந்து எழும்பியதும் உங்கள் நினைவு வந்தது. நல்ல நினைவு இல்லை. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொல்லாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டையில் என் புருஷனைப் பற்றித் தப்பாகப் பேச ஒருவரும் இல்லை. தேங்காய் மண்டியில் நீங்கள் சொன்னதுதான் நியாயம். வீட்டுக்குள் உங்களோடு இருந்தவள் நான்.

முதல் பிரிட்ஜ் வந்த நாளில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வருவதற்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் இருந்ததோ இரண்டு ஓட்டை பாயிண்ட். மூன்று பின் பிளக் அதில் எப்படிப் பொருந்தியது என்று கேட்டேன். “ஓடுதுல்ல, அப்புறம் என்ன?” என்றீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் கைப்பிடியைத் தொட்டாலே சுருக்கென்றது. ஈரக்கையோடு தொட்டால் முழங்கை வரை ஏறும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். குதிகால் வலிக்காக நீங்கள் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடப்பவர், உங்களுக்கு அது உறைக்கவே இல்லை. கதவைத் தொட்டுக் காட்டிச் சிரித்தீர்கள். “உனக்கு எதைப் பாத்தாலும் பயம். செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொற.”

அந்த வருடமும் நோன்புக்கு முன்னால்தான் கழுவினோம். உள்ளே கழுவும்வரை அணைத்து வைத்திருந்தேன். பிறகு, தரை காய்வதற்கு முன்பே ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். அது என் தப்பு, அதை நான் மறுத்ததே இல்லை. சிந்திய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று நம் மகள் ஷமீமா கதவைத் துடைத்தாள். பன்னிரண்டு வயது. சத்தம்கூடப் போடவில்லை. கை கைப்பிடியோடு ஒட்டிக்கொள்ள, உடம்பு உதற, கண் மட்டும் என்னைப் பார்த்தது. பிடித்து இழுக்கப் பாய்ந்தவள், எப்படியோ நிதானம் வந்து, ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அவள் சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிள்ளை வீடு திரும்பிய அன்று எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கைப் பார்த்தார். எர்த் பின்னே இல்லை என்றார். அதுவும் சரியான எர்த்தும் இருந்திருந்தால் கசிந்த கரண்ட் தரைக்குப் போயிருக்கும், பிள்ளைக்கு இந்த கதி வந்திருக்காது என்று விளக்கினார். பின் எங்கே போனது என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

“இவதான் கூட்டறப்பல்லாம் பிளக்கை ஆட்டி ஆட்டிப் புடுங்குவா. ஒடைஞ்சிருக்கும்.”

அவர் பிளக்கை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். தானாக உடைந்த இடம் அத்தனை வழவழப்பாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும். பிரிட்ஜின் கசிவைச் சரிசெய்து, புது பாயிண்ட் மாட்டி, எர்த் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து உங்கள் ஸ்பேனர் டப்பாவில் கிடந்த அந்தப் பின்னின் பித்தளைத் துண்டை எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். உங்கள் சொந்தங்கள் எல்லோருக்கும் பிள்ளையைச் சாகக் கொடுக்க இருந்தவள் நான்தான். என் காதுபடவே பேசினார்கள். ஒருநாளும் நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்ணுக்கு அத்தா மேலுள்ள மரியாதை கெட வேண்டாம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று பிளக்கை உருவி மேடையில் வைத்துவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கதவு ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஷமீமா திருச்சியிலிருந்து பேசினாள். நன்றாகக் காய்ந்த பிறகு கரண்டைப் போடச் சொன்னாள். இத்தனை வருடம் அடக்கியதை இன்று ஏனோ அடக்க முடியவில்லை.

“அந்தப் பின்னை ஒடைச்சது நான் இல்லம்மா” என்றேன்.



“தெரியும்மா. அத்தா அதை அறுத்தப்ப பிளக்கைப் புடிச்சுக்கிட்டது நான்தான். அம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க. நானும் சேந்து செஞ்ச தப்புக்குத்தான் ஷாக் அடிச்சுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

முப்பது வயதுப் பெண் போனில் தேம்பினாள். நீ குழந்தை, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது அது. அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்களே, இரண்டு நாளும்.

என் மேல் போட்ட பழியை இந்த நோன்பிலாவது மன்னித்துவிட வேண்டும் என்று இருந்தேன். மன்னித்துவிட்டேன், போங்கள். பிள்ளையின் வாயைக் கட்டி வைத்ததை மன்னிக்கும் உரிமை எனக்கு இல்லை. அவள் விடுவதாக இருந்தால் விடட்டும். அதுவரை இந்தக் கோபம் என்னிடமே இருக்கும்.